வாய்க்குள் ஒரு வாய்க்கால்

மாமா வெற்றிலை ஏலத்துக்கு ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்தார். ஒரு மடக்கு வாயில் வாங்கி இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். அரை நிமிடம் கழித்து விழுங்குவார். உடனே அடுத்த மடக்கு. பரமத்தி வேலூரில் 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. வெள்ளைக்கொடிக்கு ஒரு விலை, கற்பூரிக்கு ஒரு விலை, அதற்குள்ளேயே இளங்கால், முதிகால் என்று இன்னொரு விலை. நாற்பது வருடமாகக் கொடிக்கால் வைத்திருக்கும் மனிதர், அன்றைக்குத் தன் சுமை என்ன விலைக்குப் போனது என்பதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

“தண்ணி வாயில இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல கண்ணு. முழுங்குனாப் போதும், விண்ணு விண்ணுனு தெறிக்குது” என்றார்.

பல் மருத்துவர்களுக்கு இந்தப் பாட்டில் நன்றாகப் பழக்கம். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடும்.

பல் வெளியே கல், உள்ளே சதை. மேலே எனாமல், உடம்பிலேயே கெட்டியான பொருள். அதற்கடியில் டென்டின். கெட்டிதான், ஆனால் சல்லடை: உட்பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 45,000 நுண்குழாய்கள். நட்டநடுவில் ஒரு சிறு அறை. அதிலிருந்து வேர் நுனிவரை மெல்லிய கால்வாய்கள் இறங்குகின்றன. அந்த அறையிலும் கால்வாயிலும் இருப்பது பற்கூழ்: ரத்தக்குழாய்களும் நரம்பிழைகளும் கலந்த இளந்திசு. ஊரில் ‘பல் நரம்பு’ என்று சொல்வது இதைத்தான்.

காலில் முள் குத்தினால் அந்த இடம் வீங்கும். வீங்குவதற்குத் தோல் இடம் கொடுக்கும். பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நான்கு பக்கமும் சுவர். ரத்தம் வந்துபோக, வேர் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வாசல். சொத்தை வழியே கிருமி நெருங்கியதும் பற்கூழும் மற்றத் திசுக்களைப் போலத்தான் வீங்கப் பார்க்கிறது. இடமில்லாததால் அழுத்தம் ஏறித் தன் நரம்பையே நெரிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் சற்றுக் கூடும். பகலில் பொறுத்துக்கொண்டவர்கள் ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வது இதனால்தான். சூடான டீ பட்டால் ரத்தக்குழாய்கள் விரிந்து வலி உச்சிக்கு ஏறுகிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் அவை சுருங்கிக் கொஞ்சநேரம் இதம்.

நோயின் ஆரம்பத்தில் கதை வேறு. குளிர்தான் கூசும். சில விநாடிகளில் கூச்சம் அடங்கிவிட்டால் பற்கூழ் பிழைக்க வாய்ப்புண்டு. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். கூச்சம் நிமிடக்கணக்கில் நின்றாலோ, ஒன்றுமே படாமல் தானாக வலி எழுந்தாலோ, அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். குளிர் இதமாக இருக்கிறது என்பது நல்ல செய்தி அல்ல.

ஆனால் எந்தப் பல்? மாமா முதலில் போனது காது டாக்டரிடம். காதில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன பிறகும் மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பற்கூழின் நரம்புகளுக்கு வலி தெரியும், விலாசம் தெரியாது. கீழ்ப்பல், மேல்பல், காதின் முன்பக்கம், நெற்றிப்பொட்டு எல்லாவற்றுக்கும் போவது மூளையின் ஐந்தாம் நரம்பின் கிளைகள். மூளையில் போய்ச் சேருமிடமும் பக்கத்துப் பக்கத்தில். அதனால் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதில் கேட்கும். இடதுபக்க வலி வலதுபக்கம் மட்டும் தாண்டாது. கிருமி வேர் நுனிக்கு வெளியே வந்த பிறகுதான் பல்லைக் கடிக்கும்போது ‘இந்தப் பல்தான்’ என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்கு விலாசம் தெரியும். இந்தத் தசைநாரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் நடந்த வைத்தியங்களையும் சொல்லிவிட வேண்டும். கிராம்பை நசுக்கி வைத்தது சரிதான். அதிலுள்ள யூஜெனால் நரம்பைக் கொஞ்சம் மரக்கச் செய்யும். பல் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு வாசனை உண்டே, அது பெரும்பாலும் தற்காலிக அடைப்பில் கலக்கும் யூஜெனாலின் வாசனை. மாமா விளைவிக்கும் வெற்றிலையின் காரத்திலும் இதன் சொந்தக்காரப் பொருட்கள் இருக்கின்றன. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பியதுதான் தப்பு. ஆஸ்பிரின் வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்யும். ஈறில் வைத்தால் அமிலமாகச் சுட்டு வெள்ளையாக்கிவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கும் வீண். செத்துக்கொண்டிருக்கும் பற்கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லாதபோது மாத்திரை எந்த வழியாக அங்கே போகும்? முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் அது வேறு கதை. அப்போது மாத்திரை வேண்டும், ஆனால் அப்போதும் அது மட்டும் போதாது.

அத்தை சொன்ன வைத்தியம்தான் சுவாரஸ்யமானது. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகையை வாய்க்குள் பிடித்தால் பல்லில் இருக்கும் பூச்சி கொட்டிவிடும். அத்தையின் அம்மாவுக்குப் பூச்சி விழுந்ததை அத்தையே கண்ணால் பார்த்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை. இதே வைத்தியம் இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே எரித்தது குரோசாணி ஓமத்தின் விதை. அதுவும் கண்டங்கத்திரி போலக் கத்தரிக் குடும்பம்தான். சூட்டில் விதை வெடித்து உள்ளிருக்கும் முளை வெளியே வரும், வெள்ளையாக, சுருண்டு, அசல் புழுவைப் போல. 1597-ல் மூலிகை நூல் எழுதிய ஜான் ஜெரார்ட், இந்தப் பல்புடுங்கிகள் லூட் என்ற இசைக்கருவியின் தந்தித் துண்டுகளைத் தண்ணீரில் போட்டுப் புழு என்று காட்டிக் காசு பறிக்கிறார்கள் என்று திட்டியிருக்கிறார். 1728-ல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார், நுண்ணோக்கியில் தேடிப் பார்த்தும் புழுவைக் காணோம் என்று எழுதினார்.

அத்தை முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 1965-ல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழை வேண்டுமென்றே திறந்து விட்டார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். இன்னொரு கூட்டம் பிறந்ததிலிருந்து கிருமியே படாமல் வளர்த்தவை. சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகிச் சீழ் வைத்தது. கிருமியில்லா எலிகளுக்கு உணவுத் துணுக்குகள் திறந்த பல்லுக்குள் போய் அடைத்துக்கொண்டன. ஆனாலும் பற்கூழ் உயிரோடு இருந்தது, காயத்தின் மேல் புதிதாக டென்டின் பாலம் கட்டிக்கொண்டது. பல்லைக் கொல்வது துளையல்ல, அதன் வழியே நுழைகிறவர்கள். பூச்சி உண்டு. அத்தை கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை, அவ்வளவுதான்.

ரூட் கெனால் என்றால் ‘நரம்பை அறுப்பது’ என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நரம்பு போவது வழியில் நடக்கும் ஒரு காரியம். கிருமி குடியிருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து, மறுபடி யாரும் குடியேறாதபடி அடைப்பதே வேலை. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜவாய்க்காலைத் தூர்வாருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பரமத்தி வேலூர் போன்ற ஊர்களில் பல் கிளினிக் வைத்திருப்பவர் பெரும்பாலும் பி.டி.எஸ். முடித்தவர். முன்பல் என்றால் அவரே செய்வார். வளைந்த வேர் கொண்ட கடைவாய்ப் பல் என்றால், வாரத்தில் ஒருநாள் வந்துபோகும் எம்.டி.எஸ். ஸ்பெஷலிஸ்டுக்குத் தேதி கொடுப்பார். பணம் இடித்தால் திருச்செங்கோட்டுப் பக்கம் இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே செலவு குறைவு, நேரம் அதிகம். மாணவர் ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். அவசரமில்லாதவர்களுக்கு அது மோசமான பேரமில்லை என்பது என் எண்ணம்.

மாமாவைப் பார்த்தது இளவயது பெண் டாக்டர். முதலில் “மூணு விரலை நெட்டுக்கா வாய்க்குள்ள விடுங்கய்யா பார்க்கலாம்” என்றார். இரண்டரைதான் போனது. அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. பாக்கு பல காலம் மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்சதை நார்நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதைத் தனியா ஒருநாள் பார்க்கோணுங்க, மறந்துறாதீங்க” என்றார். மாமாவின் பல்லில் சொத்தையோடு ஒரு விரிசல் இருந்தது. கொட்டைப்பாக்கைக் கடித்த கைங்கர்யம். பிலிக்கல்பாளையத்து வெல்லமும் தன் பங்கைச் செய்திருக்கும். ஒட்டிக்கொள்ளும் இனிப்பு எதுவானாலும் பல்லுக்கு ஒன்றுதான், நாட்டுச் சர்க்கரை என்பதற்காகக் கிருமி மரியாதை கொடுக்காது.

கண்ணாடிக் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் வந்ததும் மாமா நாற்காலியைப் பிடித்தார். ஒரு சின்ன எக்ஸ்ரே. பிறகு மாமா கேட்க நினைத்ததைக் கேட்டார்:

“ஏனம்மணி, நரம்பை எடுத்துப்போட்டா கண்ணு மங்கிப்போயிருமாமே?”

“கண்ணுக்குப் போற நரம்பு வேறைங்கய்யா. அது மூளையில இருந்து நேரா கண்ணுக்கு வருது. பல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்கு என் தலையாட்டல் போதவில்லை, ஆனாலும் வாயைத் திறந்தார்.

ஊசி லிக்னோகெயின். 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கியது. அதோடு கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்க. ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். பயந்துவிட வேண்டாம், சில நிமிடத்தில் அடங்கும். கீழ்ப்பல்லுக்கு ஊசியைப் பல்லருகில் போடுவதில்லை. தாடையின் பின்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டால் அந்தப் பாதி உதடே மரத்துப்போகும். உதடு தடித்துத் தொங்குவதுபோலத் தோன்றும், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: கொதித்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு ஊசி சிலநேரம் போதாது. அழற்சி கண்ட நரம்பு சுலபத்தில் தூங்காது. மாமாவுக்கும் இரண்டாவது போட வேண்டியிருந்தது. வலித்தால் கை தூக்குங்கள் என்று டாக்டர் சொன்னால் தூக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்கு அங்கே பல்லும் சும்மா இல்லை.

அடுத்து பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு. துளை வழியே ஒரு பல் மட்டும் தலை நீட்டும். 1864-ல் நியூயார்க்கில் சான்ஃபோர்டு பார்னம் கண்டுபிடித்தது. எச்சில் உள்ளே போகாது, மருந்தும் கருவியும் தொண்டைக்குள் விழாது. நேரம் பிடிக்கிறது என்று இதைப் போடாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நானாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

துரப்பணம் பற்கூழ் அறைக்குள் இறங்கியதும் டாக்டர் முள்வைத்த மெல்லிய கம்பி ஒன்றை விட்டுச் சுழற்றி இழுத்தார். பஞ்சின் மேல் வைத்தார். சிவப்பாக ஒரு நூல், ஒரு சென்டிமீட்டர் இருக்கும், நுனி சற்றுச் சுருண்டு. மாமா எட்டிப் பார்க்க முயன்றார். எனக்கு அத்தையின் பூச்சி ஞாபகம் வந்தது.

கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று அல்லது நான்கு கால்வாய். இது புத்தகக் கணக்கு. 2011-ல் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒரே மேல்கடைவாய்ப் பல்லில் எட்டுக் கால்வாய்களைக் கண்டு சிகிச்சை செய்து உலக ஆய்விதழில் வெளியிட்டார்கள். கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு கால்வாய் போதும், ஆறு மாதம் கழித்து வீக்கம் திரும்பி வர.

கால்வாயின் நீளத்தை அளப்பது எனக்குப் பிடித்த கட்டம். உதட்டில் ஒரு கொக்கி, கால்வாய்க்குள் ஃபைல் என்ற மெல்லிய அரம், இரண்டுக்கும் நடுவே துளி மின்னோட்டம். வேர் நுனியைத் தாண்டித் தசைநாரைத் தொட்டால் மின்தடை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வரும். 1962-ல் ஜப்பானின் சுனாடா இதை வைத்து நீளம் அளந்து காட்டினார். இன்றைய கருவி இன்னும் நுணுக்கமானது. நுனி நெருங்க நெருங்கப் ‘பீப் பீப்’ என்று வேகமாகக் கத்தும். லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று மாமா பிற்பாடு சொன்னார்.

முதன்முதலில் ஃபைல் செய்தவர் எட்வர்டு மேனார்டு என்ற அமெரிக்கர், 1838-ல், கடிகாரத்தின் சுருள்வில்லை இழைத்து. இன்றைக்கு எண்ணும் நிறமும் உண்டு. வெள்ளை என்றால் நுனி 0.15 மில்லிமீட்டர், மஞ்சள் 0.20, சிவப்பு 0.25. எஃகு ஃபைல் வளைந்த வேரில் நேராகவே போகப் பார்க்கும். பக்கச் சுவரில் பள்ளம் விழும். 1988-ல் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டீன் மூவரும் பல் வரிசை சீர்செய்யும் நிக்கல்-டைட்டானியக் கம்பியை இழைத்து ஃபைல் செய்தார்கள். அது வேரோடு சேர்ந்து வளைந்தது. சின்ன மோட்டாரில் மாட்டிச் சுற்றும் இன்றைய ஃபைல்கள் அதன் வாரிசு.

எவ்வளவு நல்ல ஃபைலானாலும், கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடத்தை அது தொடுவதே இல்லை. கால்வாய் குழாயைப் போல உருண்டையாக இல்லை. ஓரிடத்தில் பட்டை, ஓரிடத்தில் கிளை, இரண்டு கால்வாய்க்கு நடுவே ஒரு சந்து. ராஜவாய்க்காலில் பொக்லைன் வண்டி நடு மடையைத்தான் அள்ளும். கிளை மடைகளில் கிடக்கும் குப்பையைத் தள்ளுவது திறந்துவிடும் தண்ணீர். பல்லிலும் அப்படியே. ஃபைல் வழி பண்ணிக் கொடுக்கிறது; கழுவுவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்புத் திரவம். செத்த திசுவைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். முதல் உலகப் போரில் டேக்கின் என்ற வேதியியலர் சிப்பாய்களின் புண்ணைக் கழுவப் பயன்படுத்திய அதே சரக்கு, இங்கே சற்றுக் கூடுதல் வீரியத்தில். ஊர் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று வரும் வாசம் வந்தால், வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

ஒரே நாளில் முடிக்கலாம். கிருமி அதிகம் என்று தோன்றினால் நடுவில் ஒரு வாரம் மருந்து வைத்து மூடுவார்கள். 1920-ல் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் பல் சிகிச்சைக்குள் கொண்டுவந்த அந்த மருந்தின் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. “சுண்ணாம்புதானுங்கய்யா, நீங்க வெத்தலையில தடவறது” என்றார் டாக்டர். அதன் கடுங்காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. மாமா மரத்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தார். ஒரு பக்கம்தான் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் மரப்பு போகிறவரை சாப்பிடக் கூடாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வது தெரியாது. இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், சாதாரண வலி மாத்திரைக்கு அடங்கும். அது பழைய வலியல்ல, வேர் நுனியில் வேலை நடந்ததன் அசதி. வீக்கம் ஏறினாலோ வலி கூடிக்கொண்டே போனாலோ திரும்பிப் போக வேண்டும். மாமா அன்று ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினார்.

அடுத்த வாரம் அடைப்பு. இளஞ்சிவப்பில் மெல்லிய குச்சிகள், பெயர் கட்டா பெர்ச்சா. மலேயாக் காட்டு மரத்தின் பால். நம் இலுப்பையும் சப்போட்டாவும் அதே குடும்பம்தான். 1843-ல் சிங்கப்பூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் மாண்ட்கோமரி லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட இது கிடைத்ததும் காடு காடாக மரம் வெட்டினார்கள். 1867-லேயே பல் கால்வாய்க்குள்ளும் வந்துவிட்டது. இப்போதைய குச்சியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு, ஐந்தில் ஒரு பங்குதான் மரப்பால். ஆனாலும் அந்த இடத்தை வேறெதுவும் முழுதாகப் பிடித்துவிடவில்லை.

கடைசியாகக் கேப், பல்லின் மேல் மாட்டும் உறை. பணத்துக்காகச் சொல்கிறார்கள் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சொத்தையும் துரப்பணமும் சேர்ந்து பல்லின் உள்சட்டத்தில் பாதியைத் தின்றிருக்கும்; விரிசல் வேறு. கடைவாய்ப் பல் என்றால் கேப் போட்டே ஆகவேண்டும். ஒழுங்காகச் சுத்தம் செய்து கேப் போட்ட பல், பத்தில் ஒன்பதுக்குக் கிட்டத்தட்ட நிலைத்துவிடும். கேப்புக்குக் கீழே பல் பிளந்தால் பிறகு பிடுங்குவதுதான்.

கேப் பொருத்திய அன்றும் நான் கூட இருந்தேன். டாக்டர் பற்களுக்கு நடுவே நீலக் கார்பன் தாளை வைத்து “டக் டக்குனு கடிங்க” என்றார். எழுந்த நீலப் புள்ளியை இழைத்தார். மறுபடி கடிக்கச் சொன்னார்.

“இன்னும் கொஞ்சூண்டு இடிக்குதுங்க அம்மணி.”

நரம்பு எடுத்த பல்லுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. எடுத்தது உள்ளே இருந்ததை மட்டும்தான். வேரைச் சுற்றிய தசைநார் உயிரோடு இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய தாள் நடுவில் இருந்தாலும் சொல்லிவிடும். டாக்டர் இன்னொரு முறை இழைத்தார், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. மாமா நாலு தரம் கடித்துப் பார்த்துவிட்டு, வலது கன்னத்தில் கை வைத்து, “இப்ப அந்தப் பக்கம்தான் ஒசரமா இருக்கற மாதிரி இருக்குது” என்றார்.